கடல்பாசிக்குத் துணை

கடையை விட்டு வந்த பிறகும் மத்தியானத் தூக்கத்தில் எனக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. தொட்டிக்குள் காற்றுக் குமிழி ஏறி உடைகிற சத்தம். எழுந்து பார்த்தால் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எழுவதற்கு முந்தின ஒரு கணம், புதுக்கோட்டையில் எங்கள் கலர் மீன் கடையின் பின்னறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஏசி. கண்ணாடிக்குப் பின்னால் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒன்று நாலு கால்களையும் பரப்பிக்கொண்டு, எதற்கும் அவசரப்படாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆக்சலாட்டலைத்தான் சொல்கிறேன். பல்லிக்கு இருப்பது போல் நாலு கால், மீனுக்கு இருப்பது போல் வால், கழுத்தின் இரண்டு பக்கமும் சிவந்த இறகுக் கொத்தாகச் செவுள். தண்ணீரை விட்டு வெளியே வராது, வெயிலும் ஆகாது. நம் ஊரில் அதை வளர்க்கிறவர்களுக்கு எப்படித்தான் ஆசை வந்ததோ, எனக்குத் தெரியாது. வந்துவிட்டது. நாமும் விற்கிறோம்.

கலர் மீன் கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள், ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தொட்டி கழுவுவதும் தண்ணீர் மாற்றுவதும் பாக்கெட்டில் காற்றடைத்து ரப்பர் பேண்ட் போடுவதும் கொஞ்ச நாளில் தானாகக் கைக்கு வந்துவிடும். அதையெல்லாம் எழுதி உங்கள் நேரத்தையும் என் கண்ணையும் கெடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆக்சலாட்டல் வாங்கிப் போனவர்கள் கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு வந்து, ஏதோ தப்புச் செய்துவிட்டவர்கள் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "தனியாக் கெடக்குதே, பாவமா இருக்கு. தொணைக்கு எதை விடலாம்?"

நம் ஜனங்களுக்கு எதுவும் தனியாக இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் பாய் விரிக்க நாலு பேர் போவோம். பஸ்ஸில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து எந்த ஊர், யார் வீடு என்று கேட்காமல் இறங்க மாட்டோம். அந்தக் கண்ணோடு தொட்டியைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். அதற்கு மேல் அதன் வாய் வேறு சிரிக்கிற மாதிரி இருந்து தொலைக்கிறது. தனியாக இருந்தும் சிரிக்கிறதே என்று இன்னும் உருகுவார்கள். அது சிரிப்பில்லை, வாயின் வெட்டு அப்படி. உயிர் போகிற நேரத்திலும் அப்படித்தான் இருக்கும். இதை மறக்காதீர்கள்.

கோல்டு ஃபிஷ் விட்டால் செவுளைப் புழு என்று நினைத்துக் கொத்தும். டேங்க் கிளீனர் மீன் அதன் மேல் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழவழப்பை உறிஞ்சிவிடும். நத்தையை விட்டால் இதுவே அதை விழுங்கி வயிறு அடைத்துக் கிடக்கும். இன்னொரு ஆக்சலாட்டல் விடலாம். ஆனால் இரண்டும் ஒரே பருமனாக, ஒரே ஜாதியாக, அதாவது இரண்டும் ஆணாகவோ இரண்டும் பெண்ணாகவோ இருக்க வேண்டும். தொட்டியும் பெரிதாக வேண்டும். சின்னதும் பெரிதும் சேர்ந்தால் சின்னதின் கால் போய்விடும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் முட்டை போட்டுப் போட்டே பெண் ஓய்ந்துவிடும். ஆகவே என் பதில் எப்போதும் ஒன்றுதான். துணை வேண்டாம். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கட்டும், வெளிச்சம் குறைவாக இருக்கட்டும், ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டி கிடக்கட்டும். அது அதன் பாட்டுக்கு இருக்கும்.

இந்தப் பதிலைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் ஜாபர் பாய் கடைக்கு வந்த நாள் வரைக்கும் நினைத்திருந்தேன்.

ஜாபர் பாய் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். மகள் பிறந்த காலத்திலிருந்து சவூதியில் வண்டி ஓட்டியவர். இனி போதும் என்று மூட்டை முடிச்சோடு அவர் திரும்பி வந்த வருஷம்தான் மகள் அஃப்ரின் நர்சிங் படிக்கத் திருச்சிக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தாள். இவர் உள்ளே வர, அவள் வெளியே போனாள். போகும்போது தன் ஆக்சலாட்டலை அத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். பிளஸ் டூ முடித்ததும் அம்மாவை நச்சரித்து எங்கள் கடையில் வாங்கியது அது. நோன்பு நாளில் ரோஸ் மில்க் ஊற்றிச் செய்கிற கடல்பாசி இனிப்பின் நிறம் என்று அதற்குக் கடல்பாசி என்றே பேர் வைத்திருந்தாள்.

பாய் முதல் தடவை கடைக்கு வந்தபோதே அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

"தொணை வேணாம் பாய், அதுக்குத் தெரியாது அதெல்லாம்" என்றேன்.

"தனியா ஒரு ரூமுல கெடக்குறது என்னன்னு எனக்குத் தெரியும்க்கா. செவுத்தைப் பாத்துக்கிட்டே எத்தன வருசம். அதான் கேட்டேன்."

"அது நீங்க. இது வேற. இதுகூட எதையாச்சும் விட்டீங்கன்னா செவுளக் கடிச்சுத் தின்னுப்புடும். அப்பறம் ஒங்க மக ஒங்களக் கடிப்பா."

அவர் சிரிக்கவில்லை. "மக கடிச்சாக்கூடப் பரவால்லக்கா, பேச மாட்டேங்குறா. ஃபோன் பண்ணுவா. நான் எடுத்த ஒடனே, 'ஃபோனத் திருப்புங்கத்தா'ம்பா. தொட்டியக் காட்டணும். காட்டுவேன். பாத்துட்டு வச்சுருவா. அவளுக்கு நான் இவ்வளவு காலமும் ஃபோன்ல வந்த ஒரு குரலு. இப்பத்தான் ஒண்ண நம்பிக் குடுத்துருக்கா. அதையாச்சும் ஒழுங்காப் பாக்கணும்" என்றார்.

எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. இரைக்குப் புழுப் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினேன். நீங்களும் பார்ப்பீர்கள், கடைக்கு வருகிறவர்கள் மீனைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கேட்டுக்கொள்ளுங்கள், காசா பணமா.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஃபோன் வந்தது. "செவுளு கொறஞ்சுக்கிட்டே வருதுக்கா. ஒரு பக்கம் மொட்டையாப் போச்சு. எரையும் எடுக்க மாட்டேங்குது."

"கூட எந்த மீன விட்டீங்க?"

"எந்த மீனும் விடல."

"பாய், உண்மையச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

"அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றேன்க்கா. ஒரு மீனும் விடல."

ஃபோனை வைத்ததும் எங்கள் கடையில் தொட்டி ஒட்டுகிற முருகேசன் சொன்னார், "அறந்தாங்கியில எங்கிட்டாச்சும் கோல்டு ஃபிஷ் வாங்கி விட்டுருப்பாரு. ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு மறைக்கிறாரு." அப்படி நடப்பதுண்டு. எத்தனை பேர் நேராக என் முகத்தைப் பார்த்துப் புளுகியிருக்கிறார்கள். ஆனால் புளுகுகிறவர் குரல் வேறு மாதிரி இருக்கும், அதில் அவசரம் இருக்கும். பாயின் குரலில் பயம் மட்டும்தான் இருந்தது. தண்ணீர் சூடானால் செவுள் சுருங்கும், அழுக்கானாலும் சுருங்கும். ஃபோனில் மருந்து சொல்லிவிடலாம். தப்பான நோய்க்குச் சரியான மருந்தை ஊற்றி எத்தனையோ உயிரைக் கொன்றிருக்கிறோம் இந்தத் தொழிலில். நேரில் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று தோன்றியது. லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அந்தப் பயணம் இன்னும் எனக்குக் கனவு போலத்தான் இருக்கிறது. ஜன்னலோரம் கண் சொக்கியது. தைல மரக்காடு வந்தது, போனது. கண்மாய்களில் தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் ஒரு தகடு மினுங்கிக் கிடந்தது. அறந்தாங்கி தாண்டியதும் காற்றில் உப்பு ஏறியது. விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாமல், தண்ணீருக்குள்ளேயே பஸ் ஊர்ந்து போவதாக நினைத்துக்கொண்டேன். கண்டக்டர் தோளைத் தட்டித்தான் இறக்கிவிட்டார்.

பாயின் மனைவி ஜெமிலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா. பெத்தவளுக்கு ஃபேனு, பல்லிக்கு ஏசி. அப்பயும் அதுக்கு ஒடம்பு சரியில்ல. இவுக ரெண்டு நாளாச் சோறு திங்கல." பேச்சில்தான் கோபம். கையில் எனக்கு மோர் தயாராக இருந்தது.

அறைக்குள் போனேன். ஜன்னலுக்குப் பச்சைத் திரை. வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில், உள்ளே குளத்தடி போல ஒரு மங்கல். தொட்டிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது, பாய் உட்காருகிற நாற்காலி. அதில் உட்கார்ந்தேன். ஒருவரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். அவசரம் என்று ஓடிப் போகிற இடத்தில்தான் முதலில் சும்மா உட்கார வேண்டும். கை பரபரக்கும். வலையை எடு, உப்பைப் போடு, தண்ணீரை மாற்று என்று பின்னால் ஒருவர் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். காதில் வாங்காதீர்கள். உட்கார்ந்து பாருங்கள்.

நான் பார்த்தேன். மண்சட்டிக்கு வெளியே கடல்பாசி தலையைச் சாய்த்துக் கிடந்தது. இடது பக்கச் செவுள் அடிக்கட்டை மட்டும். வலது பக்கம் பாதி. தண்ணீர் குளிர்ச்சியாக, தெளிவாக இருந்தது. பாய் கழுவிய கழுவில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. ஏசியின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்து போயிற்று. அது மூச்சுக்கு வாயைத் திறந்தால் நானும் திறந்தேன் என்று நினைக்கிறேன். அப்படி எவ்வளவு நேரம் போனதோ. கண் அந்த மங்கலுக்குப் பழகிய பிறகு, தண்ணீரின் மேல்மட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. ஒரு நகத்தளவு நிழல். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே மெல்ல இறங்கி, கடல்பாசியின் வலது செவுளைச் சுற்றி நின்று, ஒன்று மாற்றி ஒன்று கொத்திவிட்டு மேலே போனது. அது தலையை ஒரு தடவை உதறியது. வாய் சிரித்தபடியே இருந்தது.

"பாய், இது என்ன?"

"எதுக்கா?"

"இந்தா, மேல ஓடுதே. இந்த மீனு."

பாய் குனிந்து பார்த்தார். ஜெமிலாவும் குனிந்து பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் நான் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு குழப்பம்.

"அது மீனில்லக்கா" என்றார் பாய். "அது கொசுவுக்குப் போட்டது."

எனக்கு விளங்கிப் போயிற்று. கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வருகிற அம்மாக்களை உங்களுக்கும் தெரியும். டிரம், கிணறு, சிமெண்டுத் தொட்டி என்று தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, மருந்து ஊற்றுவார்கள், இல்லாவிட்டால் கொசுப் புழுவைத் தின்கிற கம்பூசியா மீனை விட்டுப் போவார்கள். நம் வீடுகளில் அதை யார் மீன் என்று நினைக்கிறோம்? அது மருந்து. கிணற்றில் கிடக்கும், கண்ணில் படும், எண்ணத்தில் படாது.

"அந்தம்மா நல்ல மனுசிக்கா" என்றாள் ஜெமிலா. குரல் இறங்கிவிட்டது. "தண்ணி அசையாமக் கெடக்கே, கொசு முட்ட போடுமேன்னாக. மருந்து ஊத்தத்தான் வந்தாக. உள்ள உசுரு ஒண்ணு இருக்குன்னுட்டு, பாவம், மருந்து வேணாம், மீனு விடுறேன்னு ஒரு கை அள்ளி விட்டுட்டுப் போனாக. நாந்தான் சரின்னேன்."

மருந்து ஊற்றியிருந்தால் கடல்பாசியின் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். இதில் யார் மேல் கோபப்படுவது? முருகேசன் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது, அவர் அங்கே இல்லை. பாய் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எந்த மீனை விட்டீர்கள் என்று கேட்டேன், எந்த மீனும் விடவில்லை என்று சொன்னார். பிள்ளைகளே, எந்த மீனை விட்டீர்கள் என்று யாரிடமும் கேட்காதீர்கள். தண்ணிக்குள்ள என்னென்ன இருக்கு, கல்லு மண்ணு உள்பட ஒண்ணொண்ணாச் சொல்லுங்க என்று கேளுங்கள். அதை அவர்கள் வாசலில் நின்று சொல்லக் கூடாது, தொட்டிக்கு எதிரே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பாய் வலையைத் தூக்கிக்கொண்டு வந்தார், கம்பூசியாவை அள்ள. தடுத்தேன். அவ்வளவு பொடி மீனை வலை போட்டுத் துரத்தினால் அது பிடிபடுவதற்குள் காயம் பட்ட கடல்பாசி பயத்திலேயே போய்விடும். வெளியே எடுக்க வேண்டியது மீனை இல்லை, கடல்பாசியை. அதையும் வலையில் எடுத்தால் மிச்சச் செவுள் கிழியும். டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அது தானாக உள்ளே நுழைகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

"நீங்களே எடுங்கக்கா."

"ஒங்க மக ஒங்ககிட்டத்தான் குடுத்துட்டுப் போயிருக்கா. நீங்க எடுங்க."

அவர் எடுத்தார். குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய ஒரு வாளியில் மெதுவாக இறக்கினார். மேலே துணி மூடினோம். பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெருநாளுக்கு வந்துருவாக்கா. அதுக்குள்ள வளருமா?"

"வளரும். காலு போனாலே மொளைக்கிற ஜென்மம் இது. ஆனா பெருநாளுக்குள்ள வளராது."

அவர் வாளி மேல் கிடந்த துணியை இழுத்துச் சரி செய்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார், "கடையில இதே கலர்ல, இதே சைஸ்ல ஒண்ணு இருக்காக்கா? மாத்தி வச்சுருவோம். இது நல்லானதுக்கப்பறம் சொல்லிக்கலாம். இல்ல, ரெண்டாவதா அதையும் கூட விட்டுட்டா, புதுசப் பாத்த சந்தோசத்துல இதக் கவனிக்க மாட்டால்ல?"

ஜெமிலா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அதுதான் ஆசை என்று தெரிந்தது. கடையில் இருந்தது. இதே ரோஜா நிறம், இதே நீளம், பின்னறையில் இரண்டாவது தொட்டியில் காலைப் பரப்பிக் கிடந்தது. விற்றால் முதலாளி என்னை மெச்சியிருப்பார். புதிதாக விட்டால் அந்த நல்லது இந்தக் காயம் பட்டதின் தொங்குகிற செவுளைக் கவ்வும் என்பது ஒரு காரணம். அதை மட்டும் சொல்லியிருந்தால் அவர் மாற்றி வைக்கலாம் என்றிருப்பார். பிறந்ததிலிருந்து பார்க்கக் கிடைக்காத மகள் முதல்முதலாக நம்பிக் கொடுத்தது. அதில் போய் ஒரு ஆள்மாறாட்டம். மனசு ஒப்பவில்லை.

"இல்ல பாய்" என்றேன். "எங்க கடையிலயும் இல்ல, இந்த ஜில்லாவுலயே இல்ல."

இருக்கிற சரக்கை இல்லை என்று சொல்லக் கூடாது என்பது கடைச் சட்டம். நானும் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன், சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. வீடியோ கால். அஃப்ரின்.

"எடுக்காதீக. நெட்டு இல்லன்னு சொல்லிக்கலாம்" என்றாள் ஜெமிலா.

பாய் எடுத்தார்.

"அத்தா, ஃபோனத் திருப்புங்க."

திருப்பினார். தொட்டியில் மண்சட்டி இருந்தது. சாம்பல் நிறப் பொடி மீன்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. ஆக்சலாட்டல் இல்லை.

"எங்கத்தா அது?"

பாய் சொன்னார். கொசுக்காரம்மா வந்ததிலிருந்து வாளி வரைக்கும் ஒன்று விடாமல், யார் மேலும் பழி போடாமல் சொன்னார். துணியை விலக்கி வாளிக்குள் காட்டினார். "செவுளு ஒரு பக்கம் போச்சும்மா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பாத்துக்கிட்டே இருந்தும் தெரியலம்மா. என்னைய மன்னிச்சுரும்மா" என்றார்.

ஹாஸ்டல் வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டு போவது கேட்டது. நான் ஏசியின் முணுமுணுப்பைக் கேட்டபடி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தா, படம் ஆடுது."

"கைதாம்மா. கொஞ்சம் நடுங்குது."

"ஃபோனத் திருப்புங்க."

"தொட்டியா? வாளியத்தாம்மா காட்டுறேன்."

"வாளிய இல்லத்தா. ஒங்க பக்கம் திருப்புங்க. ஒங்களப் பாக்கணும்."

பாய்க்கு அது சட்டென்று விளங்கவில்லை. ஜெமிலாதான் அவர் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். நானும் அவளும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வெயில் முகத்தில் அடித்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு இன்னொரு மோர் கொண்டு வந்தாள், முதல் மோரையே நான் குடித்து முடிக்கவில்லை.

கம்பூசியாவை அள்ளிக் கிணற்றில் விட்டார்கள். அங்கே அவை நல்ல மீன்கள். கடல்பாசிக்குச் செவுள் வளர்ந்தது. முதலில் ஒரு அரும்பு, பிறகு நூல் நூலாக, கடைசியில் பழையதை விடக் கொத்தாக.

நான் வேலையை விட்டு நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை அத்தாவும் மகளும் கடைக்கு வந்தார்கள், புழு வாங்க. புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, உங்களை மாதிரிதான், ஆர்வமாக முன்னால் போய் நின்றாள். "ஒண்ணுதான் வச்சிருக்கீங்களா? தொணைக்கு இன்னொண்ணு எடுத்துக்கங்க. தனியா இருந்தா ஏங்கிரும்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அஃப்ரின் பதில் சொன்னாள்.

"அது ஏங்காதுக்கா. ஏங்குறது எங்கத்தாதான். அதுக்குத்தான் நான் சனிக்கிழமையானா பஸ் ஏறி வந்துர்றேன்ல."

ஜாபர் பாய் காதில் விழாத மாதிரி, திரும்பி நின்று கப்பி மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் புழுவைப் பாக்கெட்டில் போட்டு ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுத்தேன்.